அப்பா இறந்த பிறகும் வந்த உழவர் உதவித்தொகை: திருப்பிக் கட்ட வேண்டுமா, என் பெயரில் வாங்க முடியுமா?

செட்டிநாட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து நாற்பத்தேழு வயதுச் சகோதரி ஒருவர் எட்டுப் பக்கங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பெயர் முதலிய அடையாளங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

கணவர் இறந்த பின் பிறந்த வீட்டுக்குத் திரும்பிய இவர், தாயாருடன் வசித்துக்கொண்டு தந்தையின் நிலத்தில் பயிர் செய்கிறார். கண்மாய்ப் பாசனத்தில் ஆறு ஏக்கர் நாற்பது சென்ட் நிலம். அது 2019க்கு வெகு முன்பிருந்தே தந்தை பெயரிலும் பெரியப்பா பெயரிலும் கூட்டுப் பட்டாவாக இருக்கிறது. அதில் பாதியான மூன்று ஏக்கர் இருபது சென்ட் இவர்கள் அனுபவத்தில் உள்ளது. தந்தை 2023 நவம்பர் கடைசியில் காலமானார். மத்திய அரசு விவசாயிகளுக்குத் தரும் பிஎம் கிசான் திட்டத்தில் அவருக்கு வந்துகொண்டிருந்த உதவித்தொகை அதன் பிறகும் மூன்று தவணைகள் அவர் கணக்கில் விழுந்தது. தாயார் சொல்ல, மகளே ஏடிஎம் அட்டையைக் கொண்டுபோய் எடுத்திருக்கிறார். பிறகு பணம் நின்றது. இப்போது வேளாண் அலுவலகத்திலிருந்து ஆறாயிரத்தைத் திருப்பிக் கட்டும்படி கடிதம் வந்திருக்கிறது. அரசுப் பணியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்று, முப்பதாயிரத்துக்கு மேல் ஓய்வூதியம் வாங்கும் அண்ணன், "பட்டாவை என் ஒருவன் பெயருக்கு மாற்றிக்கொள்கிறேன், உதவித்தொகையை வாங்கி உனக்கே அனுப்புகிறேன்" என்கிறார். திருமணமாகி வெளியூரில் இருக்கும் தங்கை எதிலும் தலையிடவில்லை. பேருந்து நிலையம் அருகே கணினி மையம் வைத்திருப்பவர், ஆயிரத்து ஐந்நூறு கொடுத்து ஓடிபி எண்ணையும் சொன்னால் பத்து நாளில் பணம் வரச் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.

இவை தவிர இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சென்னையில் வசிக்கும் நகரத்தார் குடும்பம் ஒன்றின் இரண்டு ஏக்கரை, எழுத்து எதுவும் இல்லாமல், ஆண்டுக்கு இத்தனை மூட்டை நெல் என்ற பேச்சில் ஆறு ஆண்டுகளாகக் குத்தகைக்குச் செய்து வருகிறார். அந்த நிலத்துக்குப் பயிர்க் காப்பீடு செய்யச் சம்மதக் கடிதம் கேட்டபோது, அக்குடும்பத்துக்காக நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். சொந்த நிலத்துக்குக் காப்பீடு செய்தும் சென்ற சம்பாவில் ஒரு ரூபாய்கூட வரவில்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் அடுத்த ஊர்க்காரர்களுக்கு வந்திருக்கிறது. "பாடுபடுகிறவளுக்கு ஒன்றும் இல்லை, எங்கோ இருக்கிறவர்களுக்கு எல்லாம் போகிறது. நான் எங்கே போய் முறையிடுவது?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் பண விவகாரங்கள் நான்கைந்து இருந்தாலும், அவற்றில் பெரும்பாலானவை ஒரே முடிச்சில் கட்டியிருக்கின்றன. உங்கள் தந்தை இறந்து இவ்வளவு காலமாகியும் கிராமக் கணக்கில் அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். உதவித்தொகை, காப்பீடு, சொட்டுநீர் மானியம், கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவது என்று எதற்குப் போனாலும் முதலில் கேட்பது, நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டாவும், யார் என்ன பயிர் செய்கிறார் என்று காட்டும் அடங்கலும்தான். ஆகவே கணினி மையத்துக்குப் போகும் முன்பு கிராம நிர்வாக அலுவலரிடம் போக வேண்டும் என்பதே என் முதல் யோசனை. ஆனாலும் உங்கள் மனத்தை இப்போது அழுத்திக்கொண்டிருப்பது அந்த ஆறாயிரம் ரூபாய் என்பது எழுத்திலேயே தெரிவதால், அதை முதலில் முடித்துவிடுவோம்.

அந்த ஆறாயிரம்

ஆண்டுக்கு ஆறாயிரம் ரூபாயை, நான்கு மாதத்துக்கு ஒரு தவணையாக இரண்டாயிரம் வீதம் தரும் இந்தத் திட்டம், 2018 டிசம்பர் முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் இரண்டு ஹெக்டேர் வரை நிலமுள்ளவர்களுக்கு மட்டும் என்று இருந்தது. 2019 ஜூனிலிருந்து அந்த உச்சவரம்பு நீக்கப்பட்டது. இது ஓய்வூதியம் அன்று. கணவர் போனால் மனைவிக்குத் தானாக மாறிவரும் குடும்ப ஓய்வூதியமும் அன்று. உதவி பெறுகிறவர் இறந்தால் அவருக்கான தவணை அதோடு நிற்க வேண்டும். வாரிசுகள் நிலத்தைத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டு, தகுதி இருந்தால் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். "அவர் காசு, நமக்குத்தானே சேரும்" என்று உங்கள் தாயார் எண்ணியது இயல்பு. விதி அப்படி இல்லை.

நீங்கள் எழுதியுள்ள தவணைகள் 2024 பிப்ரவரி 28, ஜூன் 18, அக்டோபர் 5 ஆகிய நாள்களில் விடுவிக்கப்பட்டவை. தந்தை அதற்கு முந்தைய நவம்பரிலேயே காலமாகிவிட்டதால், பிப்ரவரியில் வந்ததுகூட டிசம்பர் முதல் மார்ச் வரையிலான காலத்துக்கு உரியது. எனவே மூன்றையும் திருப்பிச் செலுத்துவதே முறை. இதில் வாதாட இடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

"போலீஸ் வழக்கு வருமா?" என்று இரண்டு இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். இறந்தவரின் கணக்கிலிருந்து அவரது அட்டையைக் கொண்டு பணம் எடுப்பது சட்டப்படி தவறு. அதை மூடி மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. ஆனால் ஏமாற்றும் எண்ணத்தோடு செய்வதற்கும், தெரியாமல் எடுத்துவிட்டுக் கேட்டவுடன் திருப்பிக் கட்டுவதற்கும் சட்டம் வேறுபாடு பார்க்கிறது. 2020ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் முதலிய மாவட்டங்களில் நிலமே இல்லாதவர்களைக்கூட ஆயிரக்கணக்கில் பட்டியலில் சேர்த்து, சுமார் 110 கோடி ரூபாய் முறைகேடாகப் போனது கண்டுபிடிக்கப்பட்டபோது, சிபிசிஐடி விசாரணை, கைது எல்லாம் நடந்தன. அங்கே குறிவைக்கப்பட்டவர்கள் தரகர்களும் அவர்களுக்கு உடந்தையாக இருந்தவர்களும். பணம் பெற்ற சாதாரண மக்களிடம் தொகையைத் திரும்ப வசூலிப்பதே பெரும்பாலும் நடந்தது. உங்கள் நிலை அதற்குப் பக்கத்தில்கூட வராது. கடிதத்தை அலட்சியம் செய்து இழுத்தடித்தால் மட்டும் வருவாய் வசூல் நடவடிக்கை வரை போக வாய்ப்புண்டு.

செய்ய வேண்டியது எளிது. வேளாண் உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு ஒரு வெள்ளைத்தாளில், தந்தை இறந்த நாள், இறப்புச் சான்றிதழின் எண், விவரம் தெரியாமல் மூன்று தவணைகளை எடுத்தது, திருப்பிச் செலுத்தச் சம்மதம் ஆகியவற்றை எழுதி, எந்தக் கணக்கில் கட்டுவது என்று கேளுங்கள். மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். திட்டத்தின் இணையதளத்திலேயே திருப்பிச் செலுத்தும் வசதியும் இருக்கிறது. எந்த வழியானாலும் ரசீது உங்கள் கையில் இருக்க வேண்டும். யாருடைய கைபேசி எண்ணுக்கும் பணம் அனுப்பி, "சார் கட்டிவிடுவார்" என்று விட்டுவிடாதீர்கள்.

பட்டாவில் பெயர் ஏறுவது

இனி முடிச்சுக்கு வருவோம். இறப்புச் சான்றிதழ் இருக்கிறது என்கிறீர்கள். அடுத்தது வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையம் மூலம் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரித்து வட்டாட்சியர் வழங்குவார். அதில் தாயார், நீங்கள், அண்ணன், தங்கை என நால்வர் பெயரும் வர வேண்டும்; ஒருவரை விட்டுவிட்டு வாங்கிய சான்றிதழ் பின்னால் எல்லாவற்றையும் கெடுக்கும். அதை வைத்து, கூட்டுப் பட்டாவில் தந்தையின் பெயர் இருக்கும் இடத்தில் வாரிசுகளின் பெயர்களைச் சேர்க்க விண்ணப்பிக்க வேண்டும். இதற்குப் பாகப்பிரிவினையும் வேண்டாம், நிலத்தை அளந்து உட்பிரிவு செய்யவும் வேண்டாம். பெரியப்பா குடும்பத்தோடு வரப்புத் தகராறு இருப்பதால் எதுவும் செய்ய முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பெயர் சேர்ப்பதற்கு அந்தத் தகராறு தடையில்லை. தனிப்பட்டாவாகப் பிரிக்கும்போதுதான் அது குறுக்கே வரும். மனு தவறாக நிராகரிக்கப்பட்டால் தேவகோட்டைக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். 1983ஆம் ஆண்டின் பட்டா பாஸ்புத்தகச் சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது.

"எனக்குச் சீர் செய்து கட்டிக்கொடுத்துவிட்டார்கள், பங்கு கேட்க வாயில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வரியைப் படித்துச் சற்று நேரம் அப்படியே வைத்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் பாத்திரம், பண்டம், வைரத்தோடு என்று அடுக்கிக் காட்டும் சீர் பெருமைக்குரியதுதான். ஆனால் அது சொத்துப் பங்குக்கு ஈடு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நிலம் உங்கள் தந்தையின் தனிச்சொத்து என்றால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாயார், நீங்கள், அண்ணன், தங்கை ஆகிய நால்வருக்கும் சம பங்கு. பாட்டனார் வழி வந்த பூர்வீகக் குடும்பச் சொத்து என்றால் கணக்கு மாறும், தாயாரின் பங்கு குறையும்; ஆனால் மகள்களுக்கும் மகனுக்கும் அப்போதும் வேறுபாடு கிடையாது. தமிழ்நாடு இதை 1989லேயே சட்டமாக்கியது. நாடு முழுவதற்கும் 2005இல் வந்தது. மகளின் உரிமை பிறப்பினாலேயே வருவது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 1989 சட்டம் அதற்கு முன்பே திருமணமான பெண்களை விலக்கி வைத்திருந்தது. 2005 திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை.

அண்ணன் சொல்வதற்கு வருகிறேன். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்கிறார் என்று நான் கருதவில்லை. ஆனால் அவர் யோசனை இரண்டு வகையில் தவறு. முதலாவது, பத்தாயிரம் ரூபாய்க்கும் அதற்கு மேலும் மாத ஓய்வூதியம் பெறும் ஓய்வுபெற்ற அரசு ஊழியருக்கு, கடைநிலை ஊழியராக இருந்தாலொழிய, இந்த உதவித்தொகை கிடையாது. அவர் பெயருக்குப் பட்டா போனால், இன்று உங்களுக்கு வரக்கூடியதும் வராமல் போகும். மறைத்து வாங்கினால் அவரே திருப்பிக் கட்ட நேரிடும். இரண்டாவது, பட்டா என்பது உரிமைப் பத்திரம் அன்று. எனினும் ஒருவர் பெயரில் மட்டும் அது பல ஆண்டுகள் ஓடிவிட்டால், அவர் காலத்துக்குப் பின் அவருடைய பிள்ளைகளிடம் "இது எங்களுக்கும் உண்டு" என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். அண்ணன் தன் பங்கை உங்களுக்கே விட்டுத்தர விரும்பினால், அதை வாய்ச்சொல்லாக அன்றி, பதிவு செய்த விடுதலைப் பத்திரமாக எழுதித் தரட்டும். நிலம் பற்றிய விட்டுக்கொடுப்பு பதிவு இல்லாமல் செல்லாது.

உங்கள் பெயரிலும் தாயார் பெயரிலும்

கூட்டுப் பட்டாவில் பெயர் ஏறிய பிறகு நீங்கள் இரண்டு பேருமே விண்ணப்பிக்கலாம் என்பது உங்களுக்குப் புதிய செய்தியாக இருக்கும். இத்திட்டத்தில் குடும்பம் என்பது கணவன், மனைவி, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள் மட்டுமே. கணவரை இழந்த நீங்கள் ஒரு குடும்பம், தாயார் இன்னொரு குடும்பம். ஒரே பட்டாவில் பல பேர் இருந்தால் ஒவ்வொருவர் குடும்பமும் தனித்தனியே தகுதி பெறும். கல்லூரியில் படிக்கும் உங்கள் மகன் பத்தொன்பது வயதுக்காரர். நிலம் அவர் பெயரில் இல்லாததால் அவருக்குக் கிடையாது. இருவர் பெயரும் ஒரே குடும்ப அட்டையில் இருந்தால் கள ஆய்வுக்கு வரக்கூடும். வந்தால் பதற வேண்டாம், வாரிசுச் சான்றிதழையும் பட்டாவையும் காட்டுங்கள்.

கணினி மையத்துக்காரர் உங்களுக்குச் சொன்ன குறுக்குவழி ஒன்றையும் எழுதியிருக்கிறீர்கள்: பெரியப்பா மகனிடமிருந்து கொஞ்சம் நிலத்தைக் கிரயம் வாங்கினால் உடனே பதிந்துவிடலாம் என்று. 2019 பிப்ரவரி முதல் தேதியன்று நிலம் யார் பெயரில் இருந்தது என்பதையே திட்டம் அடிப்படையாகக் கொள்கிறது. அதற்குப் பிறகு கைமாறியதில், இறப்பினால் வாரிசுக்கு வந்த நிலத்துக்குத்தான் விலக்கு. உங்களுக்குத் திறந்திருக்கும் கதவு அதுவே. கிரயம் வாங்கினால் பத்திரச் செலவுதான் மிஞ்சும்.

வரிசை இதுதான். பட்டா மாறியதும், 2025 தொடக்கத்திலிருந்து தமிழ்நாட்டில் பதிந்து வரும் விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண்ணை வாங்குங்கள். வேளாண் துறை முகாம்களிலும் பொது சேவை மையங்களிலும் இலவசமாகவே பதிகிறார்கள். அதன்பின் புதிய பயனாளியாகப் பதிவு, பிறகு ஆதாரைக் கொண்டு அடையாளத்தைச் சரிபார்க்கும் இ-கேஒய்சி. களையெடுத்து ரேகை தேய்ந்த விரல்களைக் கருவி ஏற்காமல் போவது வழக்கமான தொல்லை. திட்டத்தின் கைபேசிச் செயலியில் முகத்தைக் காட்டிச் சரிபார்க்கும் முறை இருக்கிறது, தாயாருக்கு அதையே செய்யச் சொல்லுங்கள். பதிவு ஏற்கப்பட்ட நான்கு மாதக் காலத்திலிருந்துதான் தவணை கணக்காகும். விட்டுப்போன ஆண்டுகளுக்கு முன்தேதியிட்டு எதுவும் வராது. நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு நான்கு மாதத்துக்கும் இருவருக்குமாக நாலாயிரம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கிக் கணக்கு பற்றி ஒன்று. விண்ணப்பத்தில் எந்தக் கணக்கு எண்ணை எழுதினாலும், ஆதார் வழியாக அனுப்பப்படும் பணம், ஆதாரோடு கடைசியாக எந்த வங்கிக் கணக்கு இணைக்கப்பட்டதோ அங்கேதான் போகும். சென்ற ஆண்டு ஒரு பெரியவர், மஞ்சள் பையில் அறுபதுகளின் கிஸ்தி ரசீது முதல் எல்லாவற்றையும் அடுக்கி எடுத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார். இரண்டு ஆண்டுகளாகப் பணமே வரவில்லை, ஊரில் எவனோ தின்கிறான் என்பது அவர் வழக்கு. பார்த்தால், சிம் கார்டு வாங்கிய கடையில் அவர் கைரேகை வைத்துத் திறந்துவிட்ட ஒரு பேமென்ட் வங்கிக் கணக்கில் எல்லாத் தவணையும் பத்திரமாகக் கிடந்தது. வழக்கு அங்கேயே முடிந்தது. எனக்குத்தான் கட்டணம் போயிற்று. ஆதாரோடு எந்த வங்கி இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்க்க முடியும். நீங்களும் தாயாரும் முதலில் அதைப் பாருங்கள்.

ஆயிரத்து ஐந்நூறு கேட்டவரைப் பற்றி நான் நீளமாக எழுதத் தேவையில்லை. ஓடிபியைச் சொல்வது வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம். சந்தேகம் இருந்தால் திட்டத்தின் உதவி எண் 155261.

குத்தகை நிலமும் காரியக்காரரும்

இரண்டு ஏக்கர் குத்தகை நிலத்துக்கு நீங்கள் பிஎம் கிசான் கேட்க முடியாது. இத்திட்டம் நிலத்தின் உடைமையாளருக்கு. உழுகிறவர் யார் என்று அது கேட்பதில்லை. இது நியாயமா என்றால், எனக்கும் நியாயமாகப் படவில்லை. மாசி சிவராத்திரிக்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் மட்டும் பூட்டைத் திறக்கும் வீடுகளின் நிலங்களை ஆண்டு முழுவதும் சுமப்பவர்கள் உங்களைப் போன்றவர்களே. ஆனால் விதி அதுதான். நிலச் சொந்தக்காரர் வருமான வரி கட்டுகிறவராக இருந்தும் வாங்கிக்கொண்டிருக்கலாம், புகார் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வருமான வரி செலுத்துகிறவர்களுக்கும், தொழில் செய்யும் மருத்துவர், பொறியாளர், வழக்கறிஞர், பட்டயக் கணக்காளர் ஆகியோருக்கும் தகுதி இல்லை என்பது உண்மை. புகார் கொடுக்க உங்களுக்கு உரிமையும் உண்டு. கொடுத்தால் அவருக்கு நிற்கும், உங்களுக்கு வராது. அடுத்த ஆண்டு குத்தகை என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்குப் பாருங்கள். அதுவும், அவர் வாங்குகிறார் என்பதே உங்களுக்கு உறுதியாகத் தெரியவில்லை.

பயிர்க் காப்பீடு வேறு. 2016இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் குத்தகைதாரரும், விளைச்சலில் பங்கு தந்து பயிர் செய்யும் வாரதாரரும் வெளிப்படையாகவே சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். இடர் உழுகிறவருக்கே என்பதால் காப்பீடும் அவருக்கே. நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கலில் சாகுபடி செய்பவராக உங்கள் பெயர் வர வேண்டும். அதற்குத்தான் உடைமையாளரின் சம்மதம் கேட்கிறார்கள்.

காரியக்காரர் ஏன் மறுக்கிறார் என்பது எனக்குப் புரிகிறது; அவருடைய அச்சத்தை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, தானும் தன் குடும்பத்தாரும் உடலுழைப்புச் செலுத்திப் பயிர் செய்யும் குத்தகைதாரரை, குத்தகைப் பாக்கி போன்ற குறிப்பிட்ட காரணங்கள் இல்லாமல், அதுவும் வருவாய் நீதிமன்றத்தின் வழியாக அல்லாமல், வெளியேற்ற முடியாது. எழுத்து இல்லாத குத்தகைக்கும் இது பொருந்தும். 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின்கீழ் வட்டாட்சியரிடம் விண்ணப்பித்துக் குத்தகைதாரர் என்று பதிந்துகொள்ளவும் வழி உண்டு. அடங்கலில் ஒரு பெயர் ஏறினால் அது நாளை அங்கே சான்றாக வரும் என்று பழைய ஆள்களுக்குத் தெரியும்.

உங்கள் பக்கத்தில், "காப்பீட்டில் பெயர் வந்துவிட்டால் நிலமே எனக்கு ஆகிவிடும் என்று ஊரில் சொல்கிறார்கள்" என்று எழுதியிருப்பது அதற்கு நேர்எதிரான பிழை. காப்பீட்டு ரசீதோ, உர ரசீதோ, உதவித்தொகையோ நிலத்தின் உடைமையை யாருக்கும் தராது. யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைப்பதும் மானியம்தான். ஆதாரைக் காட்டினால் பட்டா இல்லாதவருக்கும் கிடைக்கிறது, அதனால் அவர் நிலக்காரர் ஆகிவிடுவதில்லை. குத்தகைதாரராக இருக்கும் உரிமைக்கு மட்டும் இத்தகைய தாள்கள் ஓரளவு துணைச் சான்று.

குத்தகைப் பதிவுக்கு இப்போதே மனுப் போட வேண்டுமா என்றால், வேண்டாம் என்பது என் கருத்து. ஆறு ஆண்டுகளாகச் சச்சரவு இல்லாமல் நடக்கிறது. வெளியேற்றும் பேச்சு எதுவும் இல்லை. வழக்கு என்று வந்தால் உங்கள் ஒருவர் கையில் அலைச்சலும் செலவும் நிற்கும். உரிமை எங்கும் ஓடிவிடாது. ஆனால் சான்றைச் சேர்த்து வையுங்கள். நெல் அளந்து கொடுக்கும்போது மூட்டைக் கணக்கையும் தேதியையும் எழுதிக் காரியக்காரரிடம் ஒரு கையெழுத்து, அது முடியாவிட்டால் கைபேசியில் ஒரு செய்தி, வண்டிக்காரர் பெயர். வெளியேற்ற முயன்றால் அன்றே வழக்கறிஞரைப் பாருங்கள்.

சம்மதக் கடிதத்துக்குக் காரியக்காரரிடம் மன்றாடுவதைவிட, சென்னையில் உள்ளவரிடமே நேராகப் பேசிப் பாருங்கள். "மழை பொய்த்து விளைச்சல் போனால் குத்தகை நெல்லை நான் எதிலிருந்து அளப்பேன்? காப்பீடு இருந்தால் உங்கள் குத்தகையும் தட்டாது" என்ற கணக்கு அவருக்குப் புரியும். இந்தப் பருவத்துக்கு மட்டும் என்று எழுதித் தருகிறேன் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வாசகத்தால் சட்டம் தரும் பாதுகாப்பு உங்களை விட்டுப் போய்விடாது. அதை அவருடைய வழக்கறிஞரும் அவருக்குச் சொல்வார், ஆகவே ஒளிக்க ஒன்றும் இல்லை.

அடுத்த ஊருக்கு வந்தது, நமக்கு வரவில்லை

உங்கள் சொந்த நிலக் காப்பீட்டில் யாரோ கை வைத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி முடிவு செய்யும் முன் இழப்பை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். சம்பாவுக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை விழுக்காட்டை நீங்கள் கட்டுகிறீர்கள். மீதியை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. நெல்லுக்கு விளைச்சல் இழப்பைப் பொதுவாகத் தனித்தனி வயலில் பார்ப்பதில்லை. வருவாய்க் கிராமம் முழுவதையும் ஒரு அலகாக எடுத்து, தேர்ந்தெடுத்த வயல்களில் பயிர் அறுவடைப் பரிசோதனை செய்து சராசரி விளைச்சலைக் காண்கிறார்கள். அந்த ஊருக்கு ஏற்கெனவே குறித்துள்ள உத்தரவாத விளைச்சலைவிட அது எவ்வளவு குறைகிறதோ, அந்த விகிதத்தில்தான் இழப்பீடு. ஒரு பேச்சுக்கு, உத்தரவாத விளைச்சல் ஏக்கருக்கு ஆயிரம் கிலோ, ஊர்ச் சராசரி எண்ணூறு என்றால், உங்கள் வயல் முழுக்கக் கருகியிருந்தாலும் இருபது விழுக்காடே வரும். சராசரி ஆயிரத்தைத் தொட்டால் ஒன்றுமே வராது. உங்கள் கண்மாயில் தை வரை தண்ணீர் நின்று மேல்மடைக்காரர்கள் கரையேறியிருக்க, கடைமடையில் உங்கள் வயல் மட்டும் காய்ந்திருந்தால், கணக்கில் ஊர் தப்பித்தது, நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். வரப்புக்கு அப்பால் வேறு வருவாய்க் கிராமம், வேறு கண்மாய், வேறு சராசரி. இந்த முறையின் குறை எனக்கும் தெரிகிறது. ஆனால் குறையுள்ள முறை என்பது வேறு, மோசடி என்பது வேறு.

சரியாகச் செய்தார்களா என்று சோதிக்க வழி இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, உங்கள் வருவாய்க் கிராமத்தில் சென்ற சம்பாவுக்கு எந்தெந்தப் புல எண்களில் பரிசோதனை நடந்தது, ஒவ்வொன்றிலும் கிடைத்த எடை என்ன, உத்தரவாத விளைச்சல் என்ன என்று மூன்றே கேள்விகள் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். பதிலில் கோளாறு தெரிந்தால், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் அந்தத் தாளோடு எழுந்து நில்லுங்கள். வெறுங்கையோடு பேசுவதற்கும் அதற்கும் வேறுபாடு தெரியும். அடுத்த பருவத்துக்குக் காப்பீடு செய்யும்போது, பட்டாவிலும் அடங்கலிலும் ஆதாரிலும் வங்கியிலும் உங்கள் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டா தந்தை பெயரில் இருக்கும்போது இழப்பீடு வந்தாலும், பெயர் பொருந்தவில்லை என்று அது தடைபட இடமுண்டு.

வெள்ள நிவாரணத்தை நீங்கள் காப்பீட்டோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். அது பிரீமியம் கட்டாதவருக்கும் உண்டு; பயிரில் 33 விழுக்காடும் அதற்கு மேலும் சேதம் இருக்க வேண்டும். 2022 முதல் 2026 வரைக்கான நெறிகளின்படி பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500 ரூபாய், இரண்டு ஹெக்டேர் வரை. ஆகவே உங்கள் நிலம் அடங்கலில் கண்மாய்ப் பாசன நஞ்சையாக எழுதப்பட்டிருக்கிறதா, மானாவாரி என்றா என்பது பாதிக்குப் பாதி வேறுபாடு. புழுதி விதைப்பாக விதைத்து, பின்னால் மடைத்தண்ணீர் பாய்ச்சும் நம் பக்கத்து வழக்கத்தில் இந்தக் குறிப்பு மாறிப்போவது எளிது. அடங்கல் எழுதும் காலத்தில் நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள்.

திங்கள்கிழமை மனு கொடுக்க விஏஓ அலுவலகத்துக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். இறப்புச் சான்றிதழ், நால்வரின் ஆதார் நகல்கள், பட்டா நகல், கடைசியாகக் கட்டிய தீர்வை ரசீது ஆகியவற்றோடு போங்கள். தங்கையிடம் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். விசாரணையின்போது அவருக்கு அழைப்பு வந்து, "எனக்கு எதுவும் தெரியாது" என்று அவர் சொல்லிவிட்டால் மனு மாதக்கணக்கில் தூங்கும். அங்கிருந்து வரும் வழியில் வங்கியில் இறங்கி, தந்தை காலமானதை எழுதிக் கொடுத்து, கணக்கில் மிச்சம் இருப்பதை வாரிசுகள் பெறுவதற்கான படிவத்தைக் கேளுங்கள். அந்த ஏடிஎம் அட்டையையும் எடுத்துப் போய் அங்கேயே ஒப்படைத்துவிடுங்கள்.